ஒருமனதாக

புதிர்வனத்துக்குப் போகிறவர்களுக்கு, தாங்கள் கொலை செய்தோமா இல்லையா என்பது தெரியாது. அங்கே அப்படிக் கூட்டம் அலைமோதியதற்கு அதுதான் காரணம்.

கோத்தகிரி போகும் வழியில், மலைச்சரிவில், பழைய தேயிலைத் தோட்டம் ஒன்றை வாங்கி அந்தப் பூங்காவைக் கட்டியிருந்தார்கள். உள்ளே பங்களாக்கள். ஒவ்வொரு பங்களாவிலும் ஒரு பிணம். பிணம் பொம்மைதான். ஆனால் விளையாடப் போகிறவர்களுக்கு வேடம் உடம்போடு நிற்காது. நெற்றியில் ஒரு மெல்லிய பட்டையைக் கட்டி, அந்த வேடத்துக்கு உரியவரின் நினைவுகளையும் மனதுக்குள் இறக்கிவிடுவார்கள். கடன் நினைவு என்று அதற்குப் பெயர். உங்கள் பெயர், ஊர், கூட வந்தவர்கள் எதுவும் மறக்காது. ஆனால் வாழாத ஒரு வாழ்க்கையும் கூடவே ஞாபகத்தில் இருக்கும். அதில் கொலை நடந்த வேளை மட்டும் மூடியிருக்கும். அந்த நேரத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று உங்களுக்கே தெரியாது. எல்லாரும் பேசிப் பார்த்து, கடைசியில் கொலையாளி யார் என்று ஆளுக்கொரு படத்தைத் தொட வேண்டும். அதிகம் பேர் தொட்டவருக்கு அந்த மூடிய வேளை திறக்கும்.

சௌந்தரத்தின் பிறந்தநாளுக்காகக் குடும்பத்தோடு அங்கே போனார்கள். சௌந்தரம் கோயமுத்தூரில் வரலாற்றுப் பேராசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பெண்கள் அமைப்புகளின் மேடைகளில், பிறப்பு எப்படி ஒரு தகுதியாகும் என்று கேட்டுக் கைதட்டல் வாங்குபவர். மகள் பிருந்தா, அவள் கணவன் கதிரேசன், மகன் நவநீதன், மருமகள் அல்லி. மொத்தம் ஐந்து பேர்.

அல்லி குழந்தைகள் காப்பகத்தில் வளர்ந்தவள். அவளைப் பெற்றவர்கள் யாரென்று காப்பகத்துக்கும் தெரியாது. பிசியோதெரபி படித்து ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்த்தாள். பக்கவாதத்தில் விழுந்தவர்களை எழுப்பி நடக்க வைப்பது அவள் வேலை. நவநீதன் அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றபோது சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். சௌந்தரம் கல்யாண மேடையிலேயே மைக்கை வாங்கிச் சொன்னார்: "என் மருமகளுக்கு ஜாதி கிடையாது. அதுதான் எனக்குப் பெருமை." நவநீதனுக்கு அன்று அம்மாவை நினைத்து நெஞ்சு நிறைந்துபோனது.

வேடங்களை இயந்திரம் சீட்டுப் போட்டுக் கொடுத்தது. சௌந்தரத்துக்குச் சமையல்காரி. "பொறந்தநாள் அன்னிக்கும் அடுப்படியா!" என்று அவரே சிரித்தார். பிருந்தா தோட்ட முதலாளியின் இரண்டாம் தாரம். கதிரேசன் கணக்குப்பிள்ளை. நவநீதன் வைத்தியர். அல்லிக்குத்தான் பெரிய வேடம், முதலாளியின் ஒரே மகள்.

பட்டையைக் கட்டியதும் அல்லி கொஞ்ச நேரம் கண்ணை மூடியே இருந்தாள். பிறகு நவநீதனின் கையைப் பிடித்தாள்.

"ஏங்க, எனக்கு அப்பா இருக்காருங்க. தோள்ல தூக்கி வச்சுக்கிட்டுத் தேயிலைச் செடி நடுவுல போறாரு. அவரு தலைமுடியைக் கெட்டியாப் புடிச்சிருக்கேன். எண்ணெய் வாசனை கூட வருதுங்க."

அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவன் பார்த்ததே இல்லை.

அந்த அப்பாதான் பிணம். காய்ச்சலில் படுத்திருந்தவருக்கு மத்தியானம் கொடுத்த கஞ்சியில் விஷம். கஞ்சி காய்ச்சியது சமையல்காரி. மருந்துப்பொடி கொடுத்தது வைத்தியர். ஊரிலிருந்து உப்பும் சீரகமும் வாங்கி வந்தது கணக்குப்பிள்ளை. மாடிக்குக் கொண்டு போனது இரண்டாம் தாரம். கரண்டியால் ஊட்டியது மகள். ஒவ்வொருவருக்கும் அவரைக் கொல்ல ஒரு காரணமும் இருந்தது.

கதிரேசன் வக்கீல். குறுக்கு விசாரணையை அவன் எடுத்துக்கொண்டான். முதலில் மாமியாரிடம் போனான்.

"அத்தை, கஞ்சி காய்ச்சினது நீங்க. வெசம் போடறதுக்கு உங்களை விட வசதி யாருக்கு?"

"மாப்பிள்ளைக்கு என் சமையல் மேல ரொம்ப நாள் கோபம்போல," என்றார் சௌந்தரம். எல்லாரும் சிரித்தார்கள். விசாரணை அதோடு முடிந்தது.

நவநீதனிடம் வந்தான். "வைத்தியரே, அந்தப் பொடி என்ன பொடி?"

"தெரியல மச்சான். அந்த நேரம் எனக்கு மூடியிருக்கு."

"சரி, உன்னை விட்டுட்டேன் மாப்ளே."

பிருந்தா தனக்கும் மூடியிருக்கிறது என்றாள். அதற்கும் சிரித்தார்கள். பிறகு அல்லி.

"நீ ஊட்டினே. அப்புறம்?"

"தெரியலைங்கண்ணா. எனக்கும் மூடியிருக்கு."

"தெரியலையா, சொல்ல மாட்டேங்கறியா?"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. விளையாட்டுத்தானே என்று நவநீதனும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வந்ததுல இருந்து ரொம்ப அமைதியா இருக்கா, கவனிச்சீங்களா?" என்றாள் பிருந்தா. "உள்ளுக்குள்ள என்ன ஓடுதுன்னே தெரியாது. எப்பவுமே அப்படித்தான்." பிறகு அவசரமாக, "கதையில சொல்றேன்," என்று சேர்த்துக்கொண்டாள்.

"சொத்து யாருக்குப் போகும்? மகளுக்குத்தானே?" என்றான் கதிரேசன்.

"எனக்கெதுக்குண்ணா சொத்து? அவரு எங்கப்பா." அல்லியின் குரல் தழுதழுத்தது. அவள் நடிக்கவில்லை.

அப்போது சௌந்தரம், ஏதோ பாடத்தின் நடுவே சொல்வதைப்போலச் சொன்னார்: "அப்படி இல்ல அம்மிணி. தாய் தகப்பன் கையில வளராத புள்ளைக்கு அந்தப் பாசத்தோட அருமை தெரியாதில்ல? அதைத்தான் யோசிக்கறேன்."

கூடத்துச் சுவரில் முதலாளியின் குடும்பப் படம் மாட்டியிருந்தது. தகப்பன், தாய், நடுவில் அவர்கள் வளர்த்த மகள். அந்த வீட்டு மகள் தாய் தகப்பன் கையில் வளர்ந்தவள். வளராதவள் வேடத்துக்கு வெளியே இருந்தாள். நவநீதன் படத்தைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். வாயைத் திறந்து, மூடிக்கொண்டான். அல்லி குனிந்துகொண்டாள்.

படத்தைத் தொடும் அறைக்குள் ஒவ்வொருவராகப் போனார்கள். உள்ளே நவநீதன் கொஞ்ச நேரம் நின்றான். வேறு யாரையாவது தொட்டால் பெண்டாட்டிதாசன் என்று கதிரேசன் மாதக்கணக்கில் கேலி செய்வான் என்று நினைத்தான். ஆனால் அது மட்டும் காரணமில்லை என்பதும் அவனுக்குத் தெரிந்தது. ஒருவேளை இவளாகவே இருக்குமோ என்று ஒரு கணம், ஒரே கணம், அவன் மனது நிஜமாகவே கேட்டது. அந்தக் கணத்தில் அவன் விரல் அல்லியின் படத்தைத் தொட்டது.

"தீர்ப்பு ஒருமனதானது," என்றது ஒலிபெருக்கி. "ஐந்துக்கு ஐந்து. கொலையாளி, மகள்."

கதிரேசன் கைதட்டினான். பிருந்தா துள்ளினாள். அல்லி நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள். அவளுக்குள் மூடியிருந்த வேளை திறந்துகொண்டிருந்தது. உதடு ஏதோ முணுமுணுத்தது. கண்ணில் நீர் கொட்டியது.

"பிரமாதமா நடிக்கறா!" என்றார் சௌந்தரம்.

வெளியே வரும்போது எல்லாரையும் சாய்வு நாற்காலிகளில் படுக்கவைத்துக் கடன் நினைவுகளை அழித்துவிட்டார்கள். நவநீதனின் வைத்தியர் வாழ்க்கை, விழித்த பிறகு கலைகிற கனவைப்போலக் கலைந்துபோனது. மலை இறங்கும்வரை காரில் ஒரே பேச்சும் சிரிப்புமாக இருந்தது. அல்லி ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். களைப்பு என்று நினைத்துக்கொண்டார்கள்.

அவள் வேலைக்குப் போவதை நிறுத்தினாள். முதலில் தலைவலி என்றாள். பிறகு, நடக்கப் பழகிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் இருமியபோது தண்ணீர் கொடுக்க என்னால் முடியவில்லை, டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டேன் என்றாள். வீட்டில் உலை வைப்பாள், கொதிக்க ஆரம்பித்ததும் அடுப்பை அணைத்துவிட்டுப் போய்விடுவாள். ஒரு காலையில் நவநீதன் அவளைப் பிடித்து உட்காரவைத்துக் கேட்டான்.

"என்ன ஆச்சு உனக்கு?"

"எங்கப்பாவைக் கொன்னுட்டேங்க."

"அல்லி..."

"உப்புக் கம்மியா இருக்கும்மான்னாரு. சரிப்பான்னு சொல்லிட்டு அந்தப் பொடியைக் கலந்தேன். வாயைத் துடைச்சு விட்டேன். நான் துடைச்சுவிட்டதுக்குச் சந்தோஷமாச் சிரிச்சாருங்க."

பயத்தில் அவனுக்கு வாயில் வந்தது அதுதான்: "உனக்கு அப்பாவே கிடையாதேடி!"

சொல்லி முடித்த பிறகுதான் அது தன் காதிலேயே விழுந்தது. அல்லி தலையாட்டினாள். "ஆமாங்க," என்றாள். அவன் எழுந்து வாசலுக்குப் போய், அவள் பக்கம் திரும்ப முடியாமல் வெகுநேரம் நின்றான்.

மறுநாள் மலை ஏறினான். சண்டை போடத்தான் போனான். புதிர்வனத்தில் நினைவுகளை இறக்கவும் அழிக்கவும் பொறுப்பாக இருந்தவர் ஜோசபின் என்ற நடுத்தர வயதுப் பெண். அவன் கத்தி முடிக்கும்வரை காத்திருந்தார்.

"உங்க மனைவிகிட்ட இருந்து ஏன் போகலைன்னு கேக்கறீங்க. கடன் நினைவு, நாம விட்டாத்தான் போகும் சார். எல்லாரும் விட்டுடுவாங்க. யாருக்கு இன்னொருத்தரோட பழசு வேணும்? அவங்க விடல. அந்த அப்பாவைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டாங்க. அப்பா தங்கினதால, அவரைக் கொன்னதும் கூடவே தங்கிடுச்சு."

"அப்ப அந்தக் கொலையை மட்டும் எடுங்க."

"அது நடக்கலைன்னு அவங்க நம்பணும். நம்பிட்டாங்கன்னா தனியாப் பிரிஞ்சு வந்துடும்."

"எப்படி நடக்கலைன்னு சொல்ல முடியும்? உங்க கதையில அவதானே கொலைகாரி?"

ஜோசபின் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"கதையில கொலைகாரரே கிடையாது சார். அஞ்சு பேருக்கும் ஒரே அளவு சாட்சி வச்சிருப்போம், கூடக் குறைய இருக்காது. யாரைத் தொடறீங்களோ அவங்கதான். தொட்டப்புறம் அவங்களோட மூடின நேரத்துல அந்தக் கொலையை இறக்குவோம்."

நவநீதனுக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியபோது, படத்தைத் தொட்ட தன் விரலைப் பார்த்தான்.

"ஆரம்பத்துல நிஜமாவே ஒருத்தரைக் கொலைகாரரா வச்சோம்," என்றார் ஜோசபின். "ஜனங்க தப்பான ஆளைத் தொட்டுட்டு, ஏமாந்துபோய் எரிச்சலோட திரும்பினாங்க. இப்ப எல்லாருமே கண்டுபுடிச்சுட்டோம்னு சந்தோஷமாப் போறாங்க."

"எப்படியும் யாரையாவது தொட்டுத்தானே ஆகணும்? குத்துமதிப்பாத்தானே..."

"அப்படித்தான் நாங்களும் நெனச்சோம். ஓட்டுச் செதறும், சமமா வந்துடும், அப்ப என்ன பண்ணறதுன்னு பயந்தோம். அப்படி வரவே இல்ல சார். ஆபீஸ்ல இருந்து வர்றவங்க புதுசாச் சேர்ந்தவரைத் தொடுவாங்க. காலேஜ் பசங்க, கூட்டத்துல ஒட்டாம இருக்கற புள்ளையை. குடும்பம்னா மருமகள். இல்லேன்னா ஏழை வீட்டு மாப்பிள்ளை. யாரைக் கொலைகாரராக்கணும்னு முடிவு பண்ற வேலையே எங்களுக்கு வந்ததில்ல. வரும்போதே கையோட கொண்டு வந்துடறாங்க."

"இது தப்புன்னு உங்களுக்குத் தோணலையா?"

"தோணுது. அதனாலதான் கதவைச் சாத்திட்டுச் சொல்றேன்." அவர் அவனைப் பார்க்காமல் பேசினார். "நான் சொன்னா அவங்க நம்ப மாட்டாங்க. ஆறுதலுக்குச் சொல்றேன்னு நெனப்பாங்க. தொட்டவங்க சொல்லணும். சாட்சியைப் பார்த்துத் தொடல, உன்னைப் பார்த்துத் தொட்டோம்னு."

ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் அம்மாவின் வீட்டுக்கு வரச் சொன்னான். சாப்பாடு முடிந்து கை கழுவிய கையோடு பேச்சை எடுத்தான். அல்லியையும் அங்கேயே உட்காரச் சொல்லியிருந்தான். ஜோசபின் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னான்.

கதிரேசன்தான் முதலில் வாய் திறந்தான். "அவ கரண்டியில ஊட்டினா மாப்ளே. கடைசியாத் தொட்டது அவதான். சாட்சி அப்படித்தானே இருந்துச்சு?"

"காய்ச்சினது அம்மா. பொடி என்னோடது. எங்களை ஏன் மச்சான் ஒரு கேள்வியோட விட்டீங்க?"

நீதிமன்றத்தில் ஒருநாளும் தடுமாறாத கதிரேசன் தட்டிலிருந்த வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டே இருந்தான்.

"விளையாட்டைப் போயி இவ்வளவு பெருசு பண்ணுவியாடா நவநீ?" என்றாள் பிருந்தா. ஆனால் அழுதுகொண்டே சொன்னாள். "எனக்கு அவளைப் புடிக்காம இல்ல. சத்தியமா இல்ல. எனக்கு... பயம். நம்ம எல்லாரையும் விட நல்லவளா இருக்காளேன்னு ஒரு பயம். ஏதோ மறைக்கறான்னு தோணிட்டே இருக்கும்."

எல்லாரும் சௌந்தரத்தைப் பார்த்தார்கள். அவர் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். "நான் அன்னிக்குச் சமையல்காரி. வேடத்துலதான் பேசினேன்," என்றார். கொஞ்ச நேரத்தில் அந்த விறைப்பு தானாகத் தளர்ந்தது. முந்தானையால் முகத்தை ஒற்றிக்கொண்டார்.

"இல்ல. வேடம் அவளோடது, வாய் என்னோடது. அந்தச் சமையல்காரி அந்தப் புள்ளையைத் தூக்கி வளர்த்தவ, அது மட்டும் இன்னும் மங்கலா நெனவிருக்கு. அவ சொல்லியிருக்கவே மாட்டா." அல்லியின் பக்கம் திரும்பினார். "ஜாதி இல்லாதவன்னு உன்னை மேடையில ஏத்தினேன் அம்மிணி. வீட்டுக்குள்ள, எங்கிருந்து வந்தவளோன்னு பார்த்துட்டே இருந்திருக்கேன். எனக்கே இது தெரியாதுன்னு சொன்னா அது பொய்யி."

மிச்சம் இருந்தது நவநீதன். அவன் தயார் செய்து வந்திருந்த வார்த்தைகள் எல்லாம் காணாமல் போயிருந்தன.

"ஒரு கணம், நீயாவே இருக்குமோன்னு எனக்கு நெஜமாவே தோணிடுச்சு. நானும் உன்னைத்தான் தொட்டேன்," என்றான்.

"தெரியுங்க," என்றாள் அல்லி. "ஐந்துக்கு ஐந்துன்னு சொன்னாங்களே."

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஐந்து பேர் விளையாடினார்கள். ஐந்து பேரும் அவளைத் தொட்டிருக்கிறார்கள்.

"அப்ப நீயும்...?"

"நானும் என்னைத்தான் தொட்டேன்." அவள் குரலில் குற்றம் சாட்டுகிற தொனி துளியும் இல்லை. "உள்ள நின்னு ஒவ்வொரு படமாப் பார்த்தேங்க. அத்தை பண்ணியிருக்க மாட்டாங்க. அண்ணி, அண்ணா, நீங்க... யாரையும் அப்படி நெனச்சுப் பார்க்கவே மனசு வரல. மிச்சம் நான்தானே இருந்தேன்?"

அந்தக் கூடத்தில் யாராலும் தலை நிமிர முடியவில்லை. பிருந்தா வாயைப் பொத்திக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினாள். சௌந்தரம் எழுந்து அல்லியிடம் வந்தவர், அவளைத் தொடுவதற்கு நீட்டிய கையைத் தொடாமலே இழுத்துக்கொண்டார். தன் முழு வாழ்க்கையிலும் இப்படிக் கூசிப்போனதில்லை நவநீதன். யாராவது தன்னை அடித்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு. அடிக்கத்தான் ஆள் இல்லை.

அந்த வாரமே அல்லியை மலைக்குக் கூட்டிப் போனான். ஜோசபின் அவள் நெற்றியில் பட்டையைக் கட்டினார். அவன் வெளியே பெஞ்சில் காத்திருந்தான். பக்கத்தில் புதிதாக வந்த ஒரு குடும்பம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தது. அதில் ஒருவரை மட்டும் யாரும் பேச்சில் சேர்க்கவில்லை. சின்ன மாப்பிள்ளை போலிருந்தார், பைகளைச் சுமந்துகொண்டு ஓரமாக நின்றார். எழுந்து போய் அவரை எச்சரிக்கலாமா என்று நவநீதன் நினைத்தான். அதற்குள் அவர்களை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

அல்லி வெளியே வந்தபோது நன்றாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

"போயிடுச்சா?" என்றான்.

"போயிடுச்சுங்க. நான் கொல்லல. நல்லாத் தெரியுது."

"அப்பா?"

"இருக்காரு. வச்சுக்கறேன்னு சொன்னேன். ஜோசபின் அக்கா சரின்னுட்டாங்க." வெகு நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

திரும்பவும் வேலைக்குப் போனாள், சமைத்தாள். சௌந்தரம் வந்தால் உட்காரவைத்துப் பேசினாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நவநீதன் நம்பத் தொடங்கியிருந்தான். ஒரு சனிக்கிழமை காலை அவள் துணிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸ்ல ஒரு ரூம் காலியா இருக்குன்னாங்க. கொஞ்ச நாள் அங்க இருந்துக்கறேன்."

"ஏன் அல்லி? எல்லாரும்தான் மன்னிப்புக் கேட்டாச்சே. இப்பத்தானே குணமாகியிருக்கே?"

"குணமானதாலதாங்க." மடித்த புடவையை நீவிக்கொண்டே சொன்னாள். "கொன்னது நான்தான்னு நெனச்சுட்டு இருந்தவரைக்கும் உங்க யாரு மேலயும் எனக்கு வருத்தமே இல்ல. நீங்க பண்ணினது சரின்னே இருந்துச்சு. சின்ன வயசுல இருந்து அப்படித்தான். காப்பகத்துல ஒரு பொருள் காணாமப் போனா, நான்தான் எங்கயோ வச்சிருப்பேன்னு நானே தேட ஆரம்பிச்சுடுவேன். இப்ப அது இல்ல. அது போனப்புறம், அன்னிக்கு அந்தக் கூடத்துல நடந்தது அப்படியே தெளிவாத் தெரியுது. உங்க முகமும் தெரியுது. ஒரு கணம் நீங்க நம்பினீங்க."

"அந்த ஒரு கணத்துக்காகவா?"

"உங்க மேல கோபம் இல்லைங்க. பார்த்துட்டேன், அவ்வளவுதான். பார்த்ததை வச்சுக்கிட்டு எப்படி இருக்கறதுன்னு தனியா இருந்து யோசிக்கணும்."

அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளோடு தெருமுனை வரை நடந்தான். ஆட்டோ வந்தது. பெட்டியை உள்ளே வைத்துவிட்டு ஒதுங்கி நின்றான்.

"சார் ஏறலீங்களா?" என்று கேட்டார் ஆட்டோக்காரர்.

"இல்லைங்க. நான் மட்டுந்தான்," என்றாள் அல்லி.

அதை அவள் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னாள். குரலில் எந்தத் தயக்கமும் இல்லை. அந்தக் குரலில் அவள் பேசி அவன் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அதைக் கேட்டு அவன் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். முடியவில்லை. அதுவும் அவனுக்கு வெட்கமாக இருந்தது.